வாளிக்குள் கோத்த கைகள்

பெரியவளைப் போன வாரம் எந்தக் குழப்பத்தில் விட்டுவிட்டு வந்தோமோ, அதே குழப்பத்தோடுதான் அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்தாள். பல் துலக்கும்போது ஒரு முடிவு எடுத்தாள். தலை வாரும்போது அதை மாற்றினாள். செருப்பு மாட்டும்போது இரண்டும் வேண்டாம், அப்படியே எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் என்று தோன்றியது.

விஷயம் இவ்வளவுதான். டிரம்ஸ்காரன் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறான். கேட்டு மாதக்கணக்கு ஆகிறது. "கலை விழா முடியறதுக்குள்ள பதில் சொல்லிடு. சரின்னாலும் சொல்லு, இல்லைன்னாலும் சொல்லு. இப்படி நடுவுல தொங்க விடாதே" என்று போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டான். கலை விழா இன்றைக்குத்தான்.

அவனைப் பிடிக்குமா? பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும். ஆனால் அவனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். இவளுக்கு அம்மா இல்லை, அப்பா மட்டும்தான். "அம்மாவைத் தனியா விட்டுட்டு வர முடியாது" என்கிறான் அவன். "அப்பாவை விட்டுட்டு நான் எப்படி வருவேன்?" என்கிறாள் இவள். இப்படியே இரண்டு பேரும் அவரவர் வாசலில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் அம்மாவை அவள் இதுவரை பார்த்ததுகூட இல்லை. "நீ சரின்னு சொன்னப்புறம் காட்டறேன். இப்பவே காட்டினா அவங்க நாளைக்கே அழைப்பிதழ் அடிச்சிடுவாங்க" என்று அவன் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். அவளும் அவனைப் பற்றி அப்பாவிடம் இதுவரை மூச்சு விட்டதில்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும்முன் அப்பாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நீங்களும் வாங்களேன்பா. குழந்தைங்க, பெரியவங்கன்னு குடும்பம் குடும்பமா வருவாங்க. நம்ம சின்னவ வேற மரக்கால் கட்டிட்டு நடக்கப் போறா."

"முட்டி வலிக்குது பாப்பா. அவ்வளவு பெரிய காலேஜ்ல என்னால சுத்த முடியாது. நீ போயிட்டு வா. நான் இப்படியே படுத்திருக்கேன்."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். நாளெல்லாம் படுத்துக் கிடக்கப் போகிற மனிதர் எதற்காக விடிந்ததும் முகச்சவரம் செய்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள் கண்ணில் பட்டதெல்லாம் ஒரு போர்வையும், அதற்கு மேலே ஒரு வயதான முகமும்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், இப்போது ஒரு கட்டிலில். இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அங்கேதான் முடிவெடுத்தாள். இல்லை என்று சொல்லிவிடுவது. அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் பஸ் குலுங்குவதால்தான் இவள் தோள் குலுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

காலேஜ் வளாகம் அடையாளமே தெரியவில்லை. புல்வெளி நிறையக் கூடாரங்கள். நூலகப் படிக்கட்டில் ஒருவன் ஐந்து ஆரஞ்சுப் பழங்களை மேலே எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். ஆறாவது பழத்தை அவன் மகள் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் வர்ணம் பூசுகிற பெண்மணியின் முன் நீண்ட வரிசை. பட்டாம்பூச்சி கேட்டாலும் சரி, ரோஜாப்பூ கேட்டாலும் சரி, அந்தப் பெண்மணியின் கைக்குப் புலி மட்டும்தான் வரும் போலிருந்தது. வளாகம் முழுக்கச் சின்னச் சின்னப் புலிகள் ஐஸ்கிரீம் கேட்டு அழுதுகொண்டிருந்தன.

அட்டையில் முகமூடி செய்கிற கூடாரம் ஒன்று. துணியில் மரக்கட்டையால் அச்சுப் பதிக்கிற கூடாரம் ஒன்று. மரத்தடியில் பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு, வந்த குழந்தைகளையெல்லாம் சுற்றி உட்காரவைத்து, கொட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான் டிரம்ஸ்காரன். அந்தப் பக்கம் திரும்பாமலே பெரியவள் தன் கூடாரத்துக்குள் நுழைந்தாள்.

அவள் வேலை கை அச்சு எடுப்பது. மற்ற நாட்களில் அவள் பல் லேபில் இருக்கிறாள். டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்கிறவள். ஆளைப் பார்த்தால் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். உதவிக்கு வந்த மாணவியின் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டு, மனசுக்குள் 'கம்பிப் பல்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

பல் அச்செடுக்கிற அதே ரோஸ் பொடிதான். வாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்தால் மாவு மாதிரி இருக்கும். அதற்குள் கையை விட்டுக்கொண்டு சற்று நேரம் அசையாமல் நின்றால், மாவு ஜெல்லி மாதிரி இறுகிவிடும். கையை மெல்ல உருவிக்கொள்ளலாம். உள்ளே கையின் வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் சுண்ணமாவைக் கரைத்து ஊற்றிக் காயவிட்டு, ஜெல்லியைப் பிய்த்து எடுத்தால் வெள்ளை வெளேரென்று கை. ரேகை, மச்சம், நகக்கண் எல்லாம் அப்படியே வந்துவிடும். அம்மாவும் குழந்தையும் கை கோத்துக்கொண்டு உள்ளே விடுவார்கள். அண்ணனும் தம்பியும் உள்ளேயே கிள்ளிக்கொள்வார்கள்.

பெயரெல்லாம் எழுதி வைப்பதில்லை. வாளியின் கைப்பிடியில் ஒரு ரிப்பன். அதில் பாதியை வெட்டி ஆளிடம் கொடுத்துவிடுவாள். சிவப்பு வாளிக்குச் சிவப்பு ரிப்பன்காரர், நீல வாளிக்கு நீல ரிப்பன்காரர். தீர்ந்தது விஷயம்.

மதியம் நூலகத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்து, கொண்டு வந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 'இல்லை' சொல்லிப் பழகினாள். "என்னை மன்னிச்சிடு" என்று ஆரம்பித்தால் சினிமா மாதிரி இருந்தது. "யோசிச்சுப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தால் ஆபீஸ் மாதிரி இருந்தது. ரொட்டி காய்ந்ததுதான் மிச்சம்.

திரும்பி வந்தபோது பச்சை ரிப்பன் கட்டிய வாளி ஒன்று புதிதாக இருந்தது.

"நீங்க இல்லாதப்போ ஒரு ஜோடி வந்துச்சுக்கா. நானே எடுத்துட்டேன்" என்றாள் கம்பிப் பல், பெருமையாக.

"காலேஜ் பசங்களா?"

"ஐயோ இல்லக்கா. வயசானவங்க. ஆனா ஒரே சிரிப்பு. கையை உள்ள விட்டதும் அந்தம்மா 'ஐயையோ, இப்படிச் சில்லுன்னு இருக்கே'ன்னாங்க. 'நான் பிடிச்சிருக்கேன்ல, என்ன பயம்?'னார் அந்தய்யா. எனக்கே வெக்கமாப் போச்சு."

"நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள் பெரியவள். அன்றைக்கு அவள் சிரித்த முதல் சிரிப்பு.

"ஆனா அந்தய்யா பாவம்க்கா. போட்டோ மாதிரி உடனே கைல கொடுத்துடுவோம்னு நினைச்சுட்டார் போல. காயணும், ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கன்னதும் முகமே செத்துப் போச்சு. 'அதுவரைக்கும் நீ மட்டும்தானேம்மா இங்க இருப்பே?'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டார்."

பெரியவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாளி காய்ந்திருந்தது. கவிழ்த்துத் தட்டினாள். ஜெல்லிக் கட்டி மேஜையில் விழுந்தது. கை தலைகீழாக உள்ளே போவதால், எடுக்கும்போது விரல் நுனிகள்தான் முதலில் வெளியே வரும். ஓரத்திலிருந்து பிய்க்க ஆரம்பித்தாள்.

முதலில் வந்தது ஒரு பெண்ணின் ஆள்காட்டி விரல். நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. அடுத்த விரலில் மோதிரம் இல்லை; பல வருஷம் போட்டிருந்து கழற்றிய தடம் மட்டும் இருந்தது. அந்த விரல்களுக்கு நடுவே கோத்திருந்த ஆணின் விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கட்டை விரல். ஆள்காட்டி விரல். நடு விரல்.

மோதிர விரல் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

அந்த விரல் நிமிராமல் கொக்கி மாதிரி உள்பக்கம் மடிந்திருந்தது. நடுக் கணுவில் ஒரு புடைப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பஸ் கதவில் மாட்டி உடைந்து, சரியாகக் கூடாமல் போன விரல் அது. இந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாலை கடந்து பழகினாள். போன ஞாயிறுகூட இந்த விரலுக்கு நகம் வெட்டிவிட்டாள். கொஞ்சம் கோணலாக வெட்டிவிட்டோமே என்று அப்போதே நினைத்தாள்; அந்தக் கோணலும் அப்படியே வந்திருந்தது.

"என்னக்கா, உடைஞ்சிடுச்சா?" என்றாள் கம்பிப் பல், பயந்துபோய்.

"இல்ல."

"பின்ன ஏன் இப்படிப் பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போய் டீ குடிச்சிட்டு வா."

அப்பா வீட்டில் படுத்திருக்கிறார். முட்டி வலி. போர்வை போர்த்தியிருக்கிறார். அவர் கை மட்டும் இங்கே வந்து யாரோ ஒரு அம்மாளின் கையைக் கோத்துக்கொண்டிருக்கிறது. பெரியவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்ததும் எழுந்திருக்க வேண்டும் போலிருந்தது. யார் அந்த அம்மாள்? எத்தனை நாளாக? ஏன் என்னிடம் சொல்லவில்லை? இந்த மூன்று கேள்விகளில் எது தன்னைக் குத்துகிறது என்றுகூட அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது மேஜைக்கு முன்னால் ஓர் ஆந்தை நின்றுகொண்டிருந்தது.

முகமூடிக் கூடாரத்தில் செய்த அட்டை ஆந்தை. பெரிய வட்டக் கண்கள், மஞ்சள் மூக்கு. அதற்குக் கீழே அப்பாவின் சட்டை. அவளே இஸ்திரி போட்டு அலமாரியில் மாட்டிய சட்டை.

ஆந்தை பச்சை ரிப்பனை நீட்டியது. ரிப்பனைப் பிடித்திருந்த கையில் மோதிர விரல் மடிந்திருந்தது.

அவள் சட்டென்று ஈரத் துணியை எடுத்து மேஜைமேல் இருந்த கைகளை மூடினாள். ஏன் மூடினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அந்த முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு 'என்னப்பா இது?' என்று கேட்டிருக்கலாம். வாய் வேறு எதையோ சொன்னது.

"பச்சையா? இன்னும் காயலை சார். கொஞ்சம் கழிச்சு வாங்க."

பெற்ற அப்பாவை 'சார்' என்று கூப்பிட்டுவிட்டாள். ஆந்தை தலையாட்டியது. திரும்பி நாலு எட்டு வைத்தது. பிறகு என்ன நினைத்ததோ, நின்று திரும்பிப் பார்த்து, குரலைக் கரகரவென்று மாற்றிக்கொண்டு கேட்டது.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் சார்."

ஆந்தை திருப்தியாகப் போய்விட்டது. முட்டி வலிக்கிற நடையாகத் தெரியவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்தது. கூடாரத்தை, டீ குடித்துவிட்டு வந்த கம்பிப் பல்லிடம் ஒப்படைத்துவிட்டு, கையில் மாவுகூடக் கழுவாமல் தங்கையைத் தேடிப் போனாள்.

சின்னவளைத் தேடுவதில் சிரமமே இல்லை. நாடகக் குழுவில் சேர்ந்ததிலிருந்து ஊர் ஊராகச் சுற்றுகிறவள், இன்றைக்குச் சொந்த ஊரில் எல்லார் தலைக்கும் மேலே நடந்துகொண்டிருந்தாள். காலில் மரக்கால், நீளமான கோடு போட்ட கால்சட்டை. சுற்றிலும் புலிகள் ஓடி வந்தன.

"அடியே, கீழ இறங்கு. பேசணும்."

"இறங்கினா திரும்ப ஏற ரெண்டு பேர் வேணும். அங்கிருந்தே கத்து."

இதைக் கத்த முடியுமா? இருந்தாலும் கத்தினாள். "அப்பா வந்திருக்கார்!"

"அப்பாவா? அட, அப்போ அது அப்பா மண்டைதானா!"

"என்ன உளர்றே?"

"இங்கிருந்து பார்த்தா யார் முகமும் தெரியாதுக்கா, மண்டைதான் தெரியும். காலைல இருந்து ஒரு வழுக்கையைப் பார்க்கறேன். நம்ம அப்பாது மாதிரியே நடுவுல ஒரு மச்சம். அப்பாதான் படுத்திருக்காரேன்னு விட்டுட்டேன். பக்கத்துல ஒரு நரைச்ச கொண்டை கூடவே போயிட்டிருந்தது."

"அந்தக் கொண்டை யாருடி?"

"கொண்டையைப் பார்த்து ஆளைச் சொல்ல நான் என்ன மந்திரவாதியா?" சின்னவள் ஒரு புலிக்குக் கை கொடுத்துவிட்டு மறுபடி குனிந்தாள். "ஏன்க்கா அழறே? நல்ல விஷயம்தானே?"

"என்கிட்ட சொல்லலையே! நான் அவருக்காக எல்லாத்தையும்..." அதற்குமேல் கத்த முடியவில்லை.

"அவர் கேட்டாரா?"

"என்னது?"

"எனக்காக எல்லாத்தையும் விட்டுடுன்னு அப்பா உன்னைக் கேட்டாரா? நீயா நெனச்சுக்கிட்டே, நீயா விட்டுட்டே. இப்போ அவர் மேல கோபம்." சொல்லிவிட்டு அவள் நீளக் கால்களை எடுத்து வைத்து நகர்ந்துவிட்டாள். மேலே நின்று பேசுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. பதில் வருவதற்குள் போய்விடலாம்.

பெரியவள் கூட்டத்தில் தனியாக நின்றாள். அதன் பிறகு அவள் செய்த காரியத்தை வெளியே சொன்னால் வெட்கம். வளாகத்தில் இருந்த நரைத்த தலைப் பெண்கள் அத்தனை பேருடைய கைகளையும் பார்த்துக்கொண்டு போனாள். களிமண் பிசைகிற அம்மாள் - நகம் சரியாக இருந்தது. பொம்மலாட்டம் நடத்துகிற அம்மாள் - இரண்டு கையிலும் பொம்மை. பொம்மையைக் கழற்றும்வரை காத்திருந்து பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், இவள் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு கையை மலர்த்தி நீட்டினாள்.

"நல்லாப் பாரும்மா. என் பையனுக்கு இந்த வருஷமாவது வேலை கிடைக்குமா?"

"கிடைச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு ஓடினாள்.

அச்சுப் பதிக்கிற கூடாரத்தின் முன்னால்தான் ஆந்தையை மறுபடி பார்த்தாள். அது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் முயல் முகமூடி போட்ட ஒரு அம்மாள். இரண்டு பேரும் ஒரே துணியில் மரக்கட்டையை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஆந்தை கட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டது போலிருக்கிறது. முயல் அதன் முழங்கையில் ஒரு தட்டு தட்டியது. ஆந்தை சிரித்தது.

அப்பா சிரித்தார். தொலைக்காட்சியைப் பார்த்து உதட்டைப் பிரிக்கிற சிரிப்பு இல்லை. தோள் குலுங்கி, மூச்சு வாங்கி, பக்கத்துக் கூடாரம்வரை கேட்கிற சிரிப்பு. அம்மா இருந்தபோது அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. அப்பாவால் இன்னும் இப்படிச் சிரிக்க முடியும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. தான் செய்து போட்ட சமையலும், வெட்டிவிட்ட நகமும், போர்த்திவிட்ட போர்வையும் ஒரு நாளாவது இந்தச் சிரிப்பை வரவழைத்ததா? இல்லை. அது அவளுக்கு வலித்தது. வலித்துக்கொண்டிருக்கும்போதே கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்றெல்லாம் அவளுக்கு விளங்கவில்லை.

கிட்டப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று மெல்ல ஒரு கணக்குப் போட்டாள். அப்பா தனியாக இல்லை. அப்பா தனியாக இல்லை என்றால், அவள் போகலாம். டிரம்ஸ்காரன் வீட்டுக்கே போகலாம். அவன் அம்மாவும் தனியாக இருக்க வேண்டாம்.

இவ்வளவு நாள் இறுக்கி முடிந்து வைத்திருந்த முடிச்சு, யாரும் தொடாமலே அவிழ்ந்துவிட்டது. பெரியவள் ஓட ஆரம்பித்தாள்.

மரத்தடியில் இருபது குழந்தைகள் இருபது வாளிகளைப் பிளந்துகொண்டிருந்தன. நடுவில் டிரம்ஸ்காரன் கையை உயர்த்தி உயர்த்தித் தாளம் காட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் கை பாதியில் நின்றது. குழந்தைகளுக்கென்ன, அவை நிறுத்தவில்லை.

"சரி!" என்றாள்.

அவன் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தான்.

"சரின்னேன்!"

மறுபடி சைகை. அவள் கோபத்தில் மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து கத்தவும், அவன் கையைக் கீழே இறக்கிக் குழந்தைகளை நிறுத்தவும் சரியாக இருந்தது.

"உன்னைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொன்னேன்!"

அந்த அமைதியில் அது மரத்தடி முழுக்கக் கேட்டது. இருபது புலிகள் வாயைப் பிளந்து பார்த்தன. ஒரு புலி கை தட்டியது. உடனே எல்லாம் சேர்ந்து வாளிகளை அடித்து நொறுக்கத் தொடங்கின.

டிரம்ஸ்காரன் முகத்தில் வந்ததை என்னவென்று சொல்ல? அழுகிற மாதிரி இருந்தது, சிரித்தான். "நிஜமாவா? அப்பா?"

"அப்பாக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல. அது பெரிய கதை, அப்புறம் சொல்றேன்."

"அப்போ இப்பவே வா. அம்மா இங்கதான் எங்கயோ சுத்திட்டிருக்காங்க. அவங்களும் இன்னைக்கு யாரையோ எனக்குக் காட்டணும்னு காலைல இருந்து பீடிகை போட்டுட்டே இருக்காங்க. அதுக்கு முன்னாடி நாம முந்திக்குவோம்."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். அவன் கடைசியாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. மூளைக்குத்தான் போய்ச் சேரவில்லை. சந்தோஷத்தில் இருந்தாள். அவளை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

"அதோ நிக்கறாங்க பார். அம்மா!"

அச்சுக் கூடாரத்திலிருந்து புல்வெளியைக் கடந்து ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தாள். நரைத்த கொண்டை. முயல் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டிருந்தாள். ஒரு அடி பின்னால், இருவரும் அச்சுப் பதித்த ஈரத் துணியை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஆந்தை வந்தது.

பெரியவள் டிரம்ஸ்காரனின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். அவன் ஒன்றும் புரியாமல் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அவளைக் கண்டதும் ஆந்தை நின்றது. முகமூடியைக் கழற்றியது. அப்பாவின் முகம் வியர்வையில் நனைந்து, திருட்டுத்தனம் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது.

"பாப்பா... உன்கிட்ட சொல்லணும் சொல்லணும்னுதான்..."

"இருங்க, இருங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று முந்திக்கொண்டாள் அந்த அம்மாள். பெரியவளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்படியே உங்க மூக்கு. பெரிய பொண்ணுதானே?" கையை நீட்டிப் பெரியவளின் மாவு படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலில் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. வெதுவெதுப்பான கை. அன்பான கை. அதைப் பற்றிக்கொண்டே மகனிடம் திரும்பினாள்.

"டேய், நானே உன்னைக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு நினைச்சேன். நீங்களே பேசிப் பழகிட்டீங்களா? நல்லதாப் போச்சு. நான் இவரைத்தான்டா சொன்னேன். வர்ற மாசம் பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். உனக்கு இனிமே ஒரு அப்பா இருக்கார். அது மட்டுமில்ல, இவதான் உன் தங்கச்சி."

டிரம்ஸ்காரன் தரையைப் பார்த்தான். பிறகு மரத்தைப் பார்த்தான். பெரியவளை மட்டும் பார்க்கவில்லை.

"உனக்கு ஞாபகம் இருக்கா பாப்பா?" அப்பாவுக்குக் குரல் தழுதழுத்தது. "சின்ன வயசுல பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களைப் பார்த்துட்டு வந்து, எனக்கும் அண்ணன் வேணும்னு எப்படி அழுவே? அண்ணனை எங்கடி போய் வாங்கறதுன்னு உங்கம்மா திட்டுவா. லேட்டாத்தான் கிடைச்சிருக்கு. இருந்தாலும் கொண்டு வந்துட்டேன் பார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு என் மேல கோபம் இல்லையே? சந்தோஷம்தானே?"

அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல முடியும்?

"சந்தோஷம்தான்பா" என்றாள். அது பொய்யில்லை. பொய்யாக இருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"அப்புறம் என்ன, இப்படி மூணாவது மனுஷி மாதிரி தள்ளி நிக்கறே?" அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பெரியவளை மகனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "கூச்சப்படாதேம்மா. ஒரு தடவை வாய் நிறைய அண்ணான்னு கூப்பிடு, நாங்க கேக்கணும்."

டிரம்ஸ்காரன் இப்போதுதான் நிமிர்ந்தான். அப்பா ஈரத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் பெரியவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.